அவசர வரிசைக்கு நாலு மடங்கு

மார்ச் 4

சின்னவளுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. ஆபீஸ் மின்னஞ்சலில் எழுதினால் மூன்று பேருக்கு நகல் போகும். அக்கா தங்கை சண்டையை ஆளாளுக்கு உட்கார்ந்து படிப்பார்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டதால் கை வலிக்கிறது.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரத்து ஆபீஸுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் சொல்ல வராது. அத்தான் அதில் துணி காயப்போடுகிறார்.

இத்துடன் புதிய கட்டணப் பட்டியல் இருக்கிறது. ஆபீஸ் மூலமாகவும் உனக்கு வரும். தனியாக நான் அனுப்புவது, இதை எப்படிப் போட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நம் மையத்தின் பெரிய கணினியை இத்தனை வருஷம் எல்லாத் துறைகளும் ஓசியில் ஓட்டின. ஏப்ரலிலிருந்து ஓட்டுகிற மணிக்கணக்குக்குக் காசு. மிஷின் தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிட்டு இங்கே வேலை செய்கிற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடு என்பது இயக்குநரின் உத்தரவு. லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது. கரன்ட், குளிரூட்டி, பழுது, சம்பளம் எல்லாவற்றையும் கூட்டினேன். போன வருஷம் மிஷின் ஓடிய மணி நேரத்தால் வகுத்தேன். போன வருஷம் அது ஏறக்குறைய ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை என்கிறது பதிவு. அதனால் ரேட் நான் பயந்ததைவிட ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது. உன் வெள்ளக் கணிப்புக்கும் இது கட்டுப்படியாகும்.

கூட்டத்தில் நடந்ததற்கு வருகிறேன். வெள்ளக் கணிப்புக்கு என்று மிஷினில் ஒரு பங்கை இலவசமாக ஒதுக்கச் சொல்லி நீ எழுந்து கேட்டாய். அப்போது யாரும் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். மீன் ஆராய்ச்சிப் பேராசிரியர் பக்கத்து ஆளிடம், "அக்காகிட்ட தங்கச்சி கேக்குது, கிடைக்காமப் போகுமா?" என்றது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் முடியாது என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அன்று சாயங்காலம் சாப்பிடும்போது நான் சொன்னதையும் திரும்பப் பெறப் போவதில்லை. "ஆபீஸ்ல நீ எனக்குத் தங்கச்சி இல்ல. மிஷினைப் பத்தி இந்த வீட்டுல இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது." சொன்னேன். ஆனால் அதற்காக நீ வீட்டை விட்டே போவாய் என்று நினைக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

பட்டியல் வந்தது. ஆபீஸ் அனுப்பியது ஒன்று, பாசம் அனுப்பியது ஒன்று. இரண்டிலும் ரேட் ஒரே ரேட்தான், நன்றாகச் சரிபார்த்துவிட்டேன்.

இங்கே எனக்குக் கொடுத்திருப்பது முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த அறை. ஜன்னலைத் திறந்தால் ஆறு, மூடினால் பூஞ்சை வாடை. என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் ஆற்றில் அளவுகோல் பார்க்கிறவர், பேசவே மாட்டார். இன்னொருவர் புரோகிராம் எழுதுகிறவர். எல்லோரும் அவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். ஒப்பந்த வேலை, இரண்டு பிள்ளைகள், மாசக் கடைசியில் மத்தியானம் பசிக்கவில்லை என்பார்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். மலைப்பக்கத்து அளவுகோல்கள் காலையில் நீர்மட்டம் அனுப்பும். அதை உன் மிஷினுக்குள் போட்டால் இரண்டு மணி நேரம் மென்று, ஆற்று வளைவில் எவ்வளவு தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லும். தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வர அரை நாள் ஆகும். அந்த வளைவில் பள்ளத்தில் செங்கல் சூளைகள். வேலை செய்கிற குடும்பங்கள் அங்கேயே கொட்டகை போட்டுத் தூங்குகின்றன. கணிப்பு வந்ததும் நான் முதலில் போன் பண்ணுவது சூளை மேஸ்திரிக்கு. அவர் சொன்னால்தான் ஜனங்கள் மேட்டுக்கு ஏறுவார்கள். போன வாரம்தான் அவரை நேரில் பார்த்தேன். "நீங்கதான் தண்ணி மேடமா? குரலைக் கேட்டு ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ரேட் குறைவுதான், சந்தோஷம். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய், அதனால் அதற்கு மேல் பேசவில்லை. அத்தானிடம் அந்த அறை ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லை, காற்றடித்தால் துணியெல்லாம் கீழே விழும் என்று சொல்.

தங்கை (வீட்டில் மட்டும்)

ஆகஸ்ட் 9

சின்னவளே,

இதை ஒரு எதிரி செய்திருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

நாலு மாதமாக வசூல் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. எங்கே போயின அந்த மணி நேரமெல்லாம்? போன வருஷம் இரவும் பகலும் நிரம்பி வழிந்த மிஷின், காசு என்றதும் காலியாகிவிட்டது. இயக்குநர் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். "கணக்கு தெரிஞ்சவங்கன்னுதானே உங்களை அந்த நாற்காலில உக்கார வச்சோம்?" என்று கேட்டார். இருபது வருஷ வேலையில் அப்படி ஒரு பேச்சு நான் வாங்கியதில்லை.

போன வருஷத்துக் கரன்ட் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்குப் போடுகிற மிஷின் கரன்ட்டைக் குடிக்கும். யாரோ பிடித்துவைத்து சும்மா நிற்கிற மிஷின் அவ்வளவு குடிக்காது. பதிவு வருஷம் முழுக்க நிரம்பியிருந்தது என்கிறது. கரன்ட் பில் பாதி வருஷம் தூங்கியது என்கிறது. மிஷின் ரூம் பையன்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். "அதெல்லாம் துண்டு மேடம். உங்களுக்குத் தெரியாதா?" பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, ஒன்றும் செய்யாத வெற்று வேலையை அனுப்பி மிஷினைப் பிடித்துவைப்பதாம். நிஜ வேலை வரும்போது துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வதாம். எல்லாத் துறைக்கும் தெரிந்திருக்கிறது. கட்டண அதிகாரி ஒருத்தியைத் தவிர. ஓடாத மணிகளை ஓடியதாக நம்பி வகுத்திருக்கிறேன்.

யார் பெயரில் துண்டு அதிகம் என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வெள்ளக் கணிப்புப் பிரிவு.

நஷ்டத்தை அடுத்த ரேட்டில் ஏற்றிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. செப்டம்பரிலிருந்து ரேட் மூன்று மடங்கு. செலவைக் குறைக்க மிஷினில் பாதியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள், அதனால் வரிசையும் இனி நீளும். நீ மார்ச் மாதம் பட்டியலைப் பார்த்துவிட்டு "சந்தோஷம்" என்று எழுதினாய். எதற்கடி சந்தோஷப்பட்டாய்? நான் விழப்போகிற குழி தெரிந்தா?

அக்கா

ஆகஸ்ட் 18

அக்கா,

ஆமாம், எனக்குத் தெரியும்.

மீன் பேராசிரியர் ஆசைக்குத் துண்டு போட்டார். நாங்கள் பயத்துக்குப் போட்டோம். ஓசிக் காலத்தில் உன் மிஷினில் வரிசை இரண்டு நாள் நீளும். தண்ணீர் அரை நாளில் வந்துவிடும். இதில் துண்டு போடாமல் என்ன செய்வது? மழைக்காலம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தோம். பிடித்து வைத்திருந்ததால்தான் மேஸ்திரிக்கு நேரத்துக்குப் போன் போனது. உன் பதிவில் அந்தத் துண்டும் இந்தத் துண்டும் ஒரே நிறம்.

உன்னிடம் சொல்ல வந்தேன். கூட்டம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். நீ சாப்பாட்டு மேஜையில் பதிவுத் தாள்களைப் பரப்பி வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தாய். "அக்கா, அதுல இருக்குற மணியெல்லாம்…" என்று ஆரம்பித்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தாய். ஏதோ திருட வந்தவள் முன்னால் நகையை மூடி வைக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டினேன்.

பட்டியல் வந்தபோது ரேட் தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. எழுதியிருக்கலாம். கோபம், எழுதவில்லை. கொஞ்சம் ஆசையும் உண்டு. அந்த ரேட்டில் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு விருப்பமில்லை. நீயும் உன் பங்கை மறைக்காதே. வீட்டிலேயே இருந்த ஒருத்தியிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தாய்.

இப்போது ஒன்று மட்டும் கேட்கிறேன், தங்கையாக இல்லை, வெள்ளக் கணிப்புப் பிரிவாக. மூன்று மடங்கு ரேட்டில் மிஷினைப் பிடித்துவைக்க எங்களால் ஆகாது. மழை வருகிற அன்றைக்கு மட்டும் வரிசையைத் தாண்டி உள்ளே போக ஒரு வழி வேண்டும். அக்டோபருக்குள் வேண்டும். இல்லாவிட்டால் சூளைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்த பிறகு போன் பண்ண நான் எதற்கு?

தங்கை

செப்டம்பர் 3

சின்னவளுக்கு,

தாள்களைக் கவிழ்த்தது எனக்கு நினைவே இல்லை. நீ எழுதிய பிறகு நினைவு வந்தது. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

உன் கோரிக்கையைக் குழுவில் வைத்தேன். இரண்டு தடவை தள்ளினார்கள், மூன்றாம் தடவை மேஜையைத் தட்டிப் பேசி வாங்கினேன். நான் மேஜையைத் தட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும், இயக்குநரின் தண்ணீர்க் குவளை சாய்ந்துவிட்டது. அவசர வரிசை என்று ஒன்று இந்த மாதமே வருகிறது. ஒரு பட்டன். அமுக்கினால் அடுத்த நிமிஷம் உன் வேலை உள்ளே போகும். ரேட், சாதாரணத்தைப் போல் நாலு மடங்கு.

பதறாதே, காரணத்தைக் கேள். பாதி மிஷின்தான் ஓடுகிறது. நீ உள்ளே நுழைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் நாலு பேருடைய வேலை பாதியில் வெட்டுப்படும். அவர்கள் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அந்த நஷ்டத்தை அவர்கள் தலையில் கட்ட முடியாது, மிஷினும் தாங்காது. மழை வராமல் போனாலும் பணம் திரும்பாது. எல்லாத் துறைக்கும் ஒரே விதி. ரேட் என்பது தண்டனை இல்லை, சின்னவளே. நிஜமாகத் தேவைப்படுகிறவர்கள் கொடுப்பார்கள், சும்மா அவசரப்படுகிறவர்கள் பின்வாங்குவார்கள். அதற்குத்தான் ரேட் போடுவது. இந்தத் தடவை கணக்கை மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

அக்கா

அக்டோபர் 21

அக்கா,

மேஜையைத் தட்டியதற்கு நன்றி. இதைக் கிண்டலாக எழுதவில்லை.

பட்டனை மூன்று தடவை அமுக்கியாயிற்று. மூன்று தடவையும் மலையில் நீர்மட்டம் ஏறியது, கணிப்பும் வெள்ளம் வரலாம் என்றது, மூன்று தடவையும் மேகம் வேறு பக்கம் போய்விட்டது. மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினார். மூன்றாம் தடவை போன் பண்ணி, "மேடம், உங்க தண்ணி வழியில டீ குடிக்க நின்னுடுச்சா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஏறிய நாளுக்கெல்லாம் முதலாளி கூலி தரவில்லை. மிஷின் கணக்கு கையில் இல்லாமல் இனி வேலையை நிறுத்தக் கூடாது என்று அவருக்கு உத்தரவும் போட்டிருக்கிறார். மழை வருகிறது, மேகம் கறுத்திருக்கிறது என்று நான் வாயால் சொன்னால் இனி செல்லாது. புலி வருது கதையாகிவிட்டது.

மிஷின் காசும் ஒப்பந்தச் சம்பளமும் எங்களுக்கு ஒரே ஒதுக்கீட்டிலிருந்துதான்; ஒரு தடவை அமுக்கினால் கண்ணாடியின் ஒரு மாதச் சம்பளம் போகிறது. அது அவருக்குத் தெரியும். இப்போதெல்லாம் காலை நீர்மட்டத்தை என் மேஜையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி, "நிச்சயமா அமுக்கணுமா மேடம்?" என்கிறார். அந்தக் கேள்வியை நான் கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

இன்னும் ஒரு தடவைக்குத்தான் பணம் இருக்கிறது. மழைக்காலம் பாதிகூட முடியவில்லை. வெள்ளம் வராமல் போன தடவைகளுக்குப் பாதிப் பணமாவது திருப்பிக் கொடு. வெள்ளம் வரவில்லை என்பது எங்கள் குற்றமா?

தங்கை

அக்டோபர் 28

சின்னவளுக்கு,

முடியாது. உனக்குத் திருப்பினால் மருந்துத் துறைக்கும் திருப்ப வேண்டும், மீன் துறைக்கும் திருப்ப வேண்டும். எல்லாரும் அவசரம் என்று அமுக்கிவிட்டு அப்புறம் அவசரமில்லை என்று வந்து நிற்பார்கள். மறுபடியும் நஷ்டம், மறுபடியும் ரேட் ஏறும். இந்த மாதம் இரண்டு பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டோம். அதில் ஒருவர் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர்.

இத்துடன் என் சொந்தக் கணக்கில் ஒரு காசோலை வைத்திருக்கிறேன். இரண்டு தடவைக்குப் போதும். அத்தானுக்குத் தெரியும், அவர்தான் அனுப்பச் சொன்னார். இல்லை, நானும்தான் நினைத்தேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அக்கா

நவம்பர் 4

அக்கா,

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். ஆபீஸில் நான் உனக்குத் தங்கை இல்லை. வீட்டுப் பணத்தை ஆபீஸ் மிஷினில் போட எந்த விதியில் இடம் இருக்கிறது? மீன் பேராசிரியர் காதில் விழுந்தால் உன் இருபது வருஷப் பெயர் என்ன ஆகும்?

ரேட்டைச் சரியாகப் போடு. பிச்சை போடாதே.

தங்கை

நவம்பர் 19

சின்னவளே,

போனை எடு. எத்தனை தடவை கூப்பிடுவது? செய்தியில் அந்த ஆற்று வளைவைக் காட்டினார்கள், கொட்டகைகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் ஆபீஸில் யாரோ சொன்னார். அவர் குரல் சரியில்லை.

பதிவைப் பார்த்தேன். உன் வேலை அன்று காலை சாதாரண வரிசையில் இருந்தது. முன்னால் ஐந்து பேர். நீ அவசரத்தை அமுக்கவில்லை. ஏன்? ஒரு தடவைக்குப் பணம் இருந்தது என்று நீதானே எழுதினாய். ஏன் அமுக்கவில்லை? பட்டன் வேலை செய்யவில்லையா? அப்படி இருந்தால் சொல், நான் இங்கே எல்லோரையும் கேட்கிறேன்.

அக்கா

டிசம்பர் 7

அக்கா,

பட்டன் நன்றாகத்தான் வேலை செய்தது.

அன்று காலை மலையில் நீர்மட்டம் ஏறியிருந்தது, ஆனால் முந்தைய மூன்று தடவையை விடக் குறைவு. கண்ணாடி தாளை வைத்துவிட்டு நின்றார். கையில் இருந்தது ஒரு தடவைக்கான பணம். மழைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பணத்தை நிஜமான வெள்ளத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். இது அது இல்லை என்று நினைத்தேன். "சாதாரண வரிசையிலயே போடுங்க" என்றேன். அவர் முகம் தெளிந்தது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார், நான் மனம் மாறிவிடப் போகிறேனோ என்று பயந்தவர் போல.

முன்னால் மீன் பேராசிரியரின் வேலை. அது முடிய, அடுத்தது முடிய, எங்களுடையது உள்ளே போகும்போதே முற்பகல் ஆகிவிட்டது. அதற்குள் அளவுகோல் பார்க்கிறவர் இரண்டு தடவை வந்து நீர்மட்டம் ஏறுகிறது என்று சொன்னார். வாயே திறக்காத மனுஷன். அப்போதாவது அமுக்கியிருக்கலாம். வரிசைதான் நகர்கிறதே, இனி எதற்கு நாலு மடங்கு என்று விட்டுவிட்டேன். அதற்கு முன்பே, திரையில் மீன் பேராசிரியரின் வேலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அமுக்கியிருக்கலாம். கை போனது, திரும்பி வந்தது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை.

கணிப்பு வந்ததும் மேஸ்திரிக்குப் போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார். "நீங்க சொல்ல வேணாம் மேடம். கண்ணால பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பின்னால் ஒரே கூச்சல். "சட்டி பானைய விட்டுட்டு ஏறுங்கடா" என்று யாரையோ திட்டினார். என்னிடம் மறுபடி ஏதோ சொன்னார், புரியவில்லை. அதோடு போச்சு. அவருடைய மனைவியும் மகளும் ஏறிவிட்டார்கள். அவரும், அவர் இழுத்துவரப் போன கிழவனார் ஒருவரும், ஒரு பெண்ணும் இல்லை.

உன் காசோலை இருந்திருந்தால் கையில் மூன்று தடவைக்குப் பணம் இருந்திருக்கும். யோசிக்காமல் அமுக்கியிருப்பேன். இதையும் நானே எழுதிவிடுகிறேன், நீ நினைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பதை விட அது மேல். ஆனால் அக்கா, நிஜமாகத் தேவைப்படுகிறவர்கள் கொடுப்பார்கள் என்றாயே. எது நிஜம் என்று காலையில் யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே அந்த மிஷின்?

தங்கை

ஜனவரி 12

சின்னவளுக்கு,

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. உனக்கும் நகல் வரும். யார் மீதும் தவறு இல்லை. வரிசை ஒழுங்காக இருந்தது, ரேட் விதிப்படி போடப்பட்டது, மிஷின் பழுதில்லாமல் ஓடியது, கணிப்பு சரியாக வந்தது. கடைசியில் சொன்னது மட்டும் தாமதமாக. நாலு தடவை படித்துவிட்டேன். ஒரு வரியையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

விசாரணையில் நீ என்னைக் குற்றம் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். தயாராகக்கூட இருந்தேன். என்னைக் காப்பாற்றிவிட்டாய் போலிருக்கிறது. அதற்கு எனக்குத் தகுதி இல்லை.

வெள்ளக் கணிப்புக்கு மட்டும் அவசர வரிசை இனி இலவசம். குழு ஒரே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டது. இந்தத் தடவை நான் மேஜையைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பாய். சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. நவம்பர் மாத பில்லில் அன்றைய ஓட்டமும் இருக்கிறது. சாதாரண ரேட். கட்டுக்கட்டாக வந்த பில்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தபாலில் போன பிறகுதான் கவனித்தேன். ரத்து செய்ய விதியில்லை. நீ கட்டாதே. அப்படியே கிடக்கட்டும், வசூலாகாத பாக்கி என்று வருஷக் கடைசியில் நான் எழுதித் தள்ளுகிறேன். விதியை வளைத்தேன் என்று யாராவது சொல்லட்டும்.

வீட்டுக்கு வா. அத்தான் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறார். நான் கேட்காமலே செய்தார்.

அக்கா

ஜனவரி 25

அக்கா,

நான் உன்னைக் காப்பாற்றவில்லை. தப்பாக நினைத்துக்கொண்டு நன்றியெல்லாம் சொல்லாதே. விசாரணையில் அவர்கள் ரேட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். மிஷின் ஓடியதா என்றார்கள், ஓடியது என்றேன். மையத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஏதாவது இருக்கிறதா என்றார்கள், இல்லை என்றேன். அவ்வளவுதான். கேட்டிருந்தால் உன்னையும் சொல்லியிருப்பேன், என்னையும் சொல்லியிருப்பேன்.

பில்லைக் கட்டிவிட்டேன். எடுத்து வைத்திருந்த அந்தப் பணத்திலிருந்துதான். மிச்சத்தைக் கண்ணாடியின் சம்பளத்தில் சேர்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வேலையை விட்டுவிட்டார். ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாராம்.

போன வாரம் பருவம் தப்பிய மழை. உன் இலவச வரிசையில் போட்டோம். கணிப்பு உடனே வந்தது, முழங்கால் அளவுதான், பயமில்லை. சூளையில் மறுபடி கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதே பள்ளத்தில்தான், வேறெங்கே போவார்கள்? பழக்கத்தில் என் கை மேஸ்திரியின் எண்ணை அமுக்கிவிட்டது. நிறுத்துவதற்குள் ஒரு பெண் எடுத்தாள். "இது அப்பா நம்பர். இப்ப சூளைல நான்தான் ஆள் பாத்துக்கறேன். நீங்க தண்ணி மேடம்தானே?" என்றாள். எவ்வளவு தண்ணீர், எப்போது வரும் என்று சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள். "அன்னைக்கு ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் பங்கை ஒளிக்காமல் சொன்னேன். கையில் ஒரு தடவைக்குப் பணம் இருந்தது, செலவழிக்க மனம் வரவில்லை, அமுக்கவில்லை என்றேன். எழுதுகிற சத்தம் நின்றது. "பணம் எதுக்கு மேடம்? அது உங்க மிஷின்தானே?" என்றாள்.

நாலு மடங்கு எப்படி வந்தது, வெட்டுப்படுகிற வேலைக்கு நஷ்டஈடு, பாதி மிஷின் ஏன் அணைந்திருந்தது என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். அவள், "எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

நான் இப்போது வீட்டுக்கு வரவில்லை. அறையில் அத்தான் துணி காயப்போடட்டும். அந்தப் பெண்ணுக்கு உன் வீட்டு எண்ணைக் கொடுத்திருக்கிறேன், ரேட் போட்டது என் அக்காதான் என்றும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். எடு.

தங்கை